நாலாவது வரி

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மாரிசெல்வி மெஷின்மேல் இருந்த அந்தத் தகட்டைப் பார்த்தபோது, நாலாவது வரியின் கடைசி எழுத்தில் இரண்டு கோடுகள் வளைந்திருந்தன.

கொஞ்சம்தான் வளைவு. மேலே ஒரு சிறு சாய்கோடு, அதன்கீழ் இரண்டு படுக்கைக் கோடுகள், நடுவில் இறங்கி அடியில் கொக்கி போலத் திரும்பும் ஒரு நெடுங்கோடு. நான்கே கோடுகள். சீன எழுத்தில் கை என்பதை அப்படித்தான் எழுதுவார்கள். நேற்றுவரை அப்படித்தான் இருந்தது. இன்று படுக்கைக் கோடுகளின் நுனிகள், வெயிலில் காய்ந்த வாழைப்பட்டையைப் போல, இரு பக்கமும் மேலே எழும்பியிருந்தன.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். வளைவு அப்படியே இருந்தது.

கூடத்தில் வேறு யாரும் இல்லை. பக்கத்துக் கட்டிடத்தில் தறிகள் ஓடும் அதிர்வு தரைவழியாக வந்து செருப்புக்குள் ஏறியது. தகரக் கூரையின் ஓட்டைகளில் விழுந்த வெயிலில் பஞ்சுத் தூசி கீழே இறங்காமல் நின்றது. வெளுத்த துணியின் பிளீச்சிங் நெடியோடு, ஒன்பது நாளாக நின்றுபோயிருக்கும் மெஷினின் எண்ணெய் வாடையும், அதற்கும் அடியில், டெட்டால் ஊற்றிக் கழுவியும் போகாத வேறொன்றும் கலந்து வந்தன. அவள் போனை எடுத்துத் தகட்டைப் படம் பிடித்தாள். படத்தில் கோடுகள் நேராக இருந்தன.

தகட்டில் வளைந்திருந்தன.

தினமும் வேலை தொடங்குமுன் அவள் இங்கே வந்துபோவதை யாராவது கவனித்திருந்தால், விபத்து நடந்த மெஷினைக் கும்பிட்டுப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். தகட்டின் மேலிருக்கும் சந்தனமும் குங்குமமும் உதிராமல் இருக்கின்றனவா என்று பார்க்க வருகிறாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அவளுக்குச் சீன மொழி தெரியாது.

தெரிந்ததெல்லாம் எழுத்துகளின் கதை. ஊரடங்கின்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, இயற்பியல் வகுப்புக்காக வாங்கிய போனில், வகுப்பை விட்டுவிட்டு அந்தக் காணொளிகளைப் பார்த்தாள். வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தால் சூரியன். மூன்று சிகரம் வரைந்தால் மலை. தலையை நிமிர்த்தினால் செண்பகத்தோப்புக்குப் பின்னால் அதே வடிவம் நீலமாக நின்றது. மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் சீனாவில் அரசர்கள் ஆமை ஓட்டிலும் மாட்டின் தோள் எலும்பிலும் குழி குடைந்து, சூடு வைத்து, எலும்பு வெடிக்கும் விரிசலைப் பார்த்துக் குறி கேட்டார்கள். மழை வருமா. போருக்குப் போகலாமா. இந்தப் பல்வலி செத்துப்போன எந்த முன்னோரின் கோபம். கேட்ட கேள்வியை விரிசலுக்குப் பக்கத்திலேயே செதுக்கிவைத்தார்கள். பிறகு வெண்கலப் பாத்திரங்களில் எழுத்தை வார்த்தார்கள். பிறகு ஒரு பேரரசு வந்து எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தது. அதன்பிறகு குமாஸ்தாக்கள் வந்தார்கள். நாள் முழுக்கத் தூரிகையால் ஆவணம் எழுதியவர்கள். வளைவுக்கு நேரம் பிடிக்கிறது என்று வளைவுகளை நேர்கோடாக்கினார்கள். சூரியன் சதுரமானது அப்போதுதான். கையின் விரல்கள் வெறும் படுக்கைக் கோடுகளாகிப் போனதும் அப்போதுதான்.

இதை யாரிடமும் பேசியதில்லை. பேசும்படி யாரும் கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்டவர் முதலாளி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி அது. தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு நேர்காணல். "வேற என்னம்மா தெரியும்?" என்றார். "சீன எழுத்து கொஞ்சம் படிப்பேன் சார்" என்றாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். தாளில் மலையையும் மரத்தையும் போட்டுக் காட்டினாள். அன்றிலிருந்து, வருகிறவர்களிடமெல்லாம் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "நம்ம வில்லிபுத்தூர்ப் பொண்ணு. சீனமே படிக்கும்" என்று சொல்லத் தொடங்கினார். அவள் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆவணியில் மெஷின் வந்தது. காயத்துக்குக் கட்டும் மெல்லிய காஸ் துணியை மடித்து வெட்டும் மெஷின். உள்ளே வட்டக் கத்தி, வெளியே மூடி. கோயம்புத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் ஒரே நாளில் பொருத்திவிட்டுப் போய்விட்டார். கூட வந்த இங்கிலீஷ் புத்தகம் வேறேதோ மாடலுக்கு உரியது. மூடிக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு எஃகுத் தகடு. அதில் சீனத்தில் நாலு வரி பொறித்திருந்தது.

புது மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் கரண்ட் கொடுக்கமாட்டார்கள். முதலாளியின் மனைவி வந்து, இருப்பதிலேயே பளிச்சென்றிருந்த அந்தத் தகட்டின்மேல் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தார். "சாலு, சாலு" என்று, போதும் என்பதைத் தெலுங்கில் தனக்குள் சொல்லிக்கொண்டு கையை எடுத்தார். பூசணிக்காய் உடைத்தார்கள். முதலாளி திரும்பி, "எங்க நம்ம சீனாக்காரி?" என்றார்.

மாரிசெல்வி தகட்டை மனதில் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆள் நகர்ந்த நேரத்தில் போனில் படம் பிடித்துக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்தாள். முதல் மூன்று வரிகள் வந்தன. நாலாவது வரியின் மேல் சந்தனம் இருந்தது. செயலி எதையோ உளறியது. கடைசி எழுத்து மட்டும் பொட்டுக்கு வெளியே நின்றது. அது கை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இப்போதுதான் வைத்த பொட்டை அழிக்கட்டுமா என்று கேட்டிருக்கலாம். எனக்கு இந்த வரி தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று வரியைத் தமிழில் அச்சடித்து ஸ்டிக்கராக்கித் தகட்டுக்குக் கீழே ஒட்டினாள்.

அந்த மெஷினில் வேலை பார்க்கப்போகிற முத்தாத்தாள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நாற்பத்தைந்து வயது. பதினைந்து வருஷமாக அங்கே துணி மடிப்பவள்.

"ஏட்டி, மேல நாலு வரி இருக்கு. நீ மூணுதான ஒட்டிருக்க?"

"நாலாவது கம்பெனி பேருக்கா."

"அம்புட்டு நீளப் பேரா! கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள சோறு ஆறிப்போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கம்பெனி பெயரில் கை என்று ஒரு எழுத்து வரக்கூடாதா என்ன என்று நினைத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு நாள் ஓடியது. இருபத்திமூன்றாம் நாள் முத்தாத்தாள் சுவிட்சை அணைத்தாள், சத்தம் அடங்கியதும் சிக்கிய துணியை எடுக்க மூடியைத் தூக்கிக் கையை விட்டாள்.

எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்று மாலை மாரிசெல்வி ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தாள். போனைக் காட்டினாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. *மின்சாரம் நின்ற பிறகும் கத்தி சுழலும். கையை நீட்டாதே.* சுழலும் கனமான வட்டு உடனே நிற்காது. அதற்குச் சீனம் தெரிந்திருக்கவேண்டியதில்லை. முதல் வருஷப் பாடம். அவள் பரீட்சையில் எழுதியிருக்கிறாள்.

பிறகு பூஜை அலமாரியிலிருந்து சந்தனத்தைக் குழைத்துக் கொண்டுவந்தாள். பழைய இடத்திலேயே, முன்னைவிடக் கனமாக, மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமத்தையும் அழுத்தினாள்.

*

வியாழக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகாமலிருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

முத்தாத்தாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையில், நாலு விரல் இருந்த இடத்தில், வெள்ளைக் கட்டு, உருண்டையாக. அதிலிருந்து பெருவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வா தாயி. நம்ம கம்பெனித் துணியத்தான் சுத்திருக்காக. மடிப்பப் பாத்தேன். நான் மடிச்சதாத்தான் இருக்கும், இம்புட்டு நறுவிசா வேற எவ மடிப்பா?"

மாரிசெல்வி கொண்டுபோன சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொன்னுராஜ் சார் வந்தாக" என்றாள் முத்தாத்தாள். பொன்னுராஜ்தான் அவர்களுடைய சூப்பர்வைசர். "என் கவனக்கொறவுன்னு எழுதப்போறாகளாம். திங்கக்கெழம ஆபீசர் வருதாராம் விசாரிக்க. அப்படி எழுதிட்டா ஒரு மில்லுலயும் சேக்க மாட்டாக புள்ள. பெருக்குத வேலைக்குக்கூட."

"ம்."

"நான் சுவிச்ச அமத்திட்டுத்தான் கைய விட்டேன். அமத்துனேனா இல்லையான்னு எனக்கே இப்பச் சந்தேகமா வருது. நீ எழுதிப் போட்டிருந்தத நாந்தான் ஒழுங்காப் படிக்கலையோ?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"ஒண்ணு பண்ணு எனக்காக. அந்தத் தகட்ட இன்னொரு வாட்டி நல்லாப் படிச்சுப்பாரு. அமத்துன பொறவும் ஓடும்னு எங்கயாச்சும் போட்டிருக்கான்னு. நீ படிச்சவ, சொன்னா ஆபீசர் எடுத்துக்கிடுவாரு." அவள் தண்ணீருக்காக இடது கையை நீட்டினாள், எட்டவில்லை, விட்டுவிட்டாள். "அது சரி, அந்தக் கம்பெனிக்காரன் பேரு என்னன்ன?"

மாரிசெல்வி சாத்துக்குடிப் பையின் வாயைச் சுருட்டினாள். "மலை... மரம்னு வரும்க்கா."

"நல்ல பேருதான்."

திரும்பும் பஸ்ஸில் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப்பார்த்தாள். அக்கா, அது கம்பெனி பேரு இல்ல. உதடு மட்டும் அசைந்தது. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, இவள் போனில் பேசுகிறாள் என்று நினைத்திருக்கவேண்டும், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். மலை இருண்டு சன்னலோடு கூடவே வந்தது. மூன்று சிகரம். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை, கை என்ற எழுத்தில் படுக்கைக் கோடுகளே இல்லை.

ஒரு தண்டு இருந்தது. அதிலிருந்து கிளைகள் பிரிந்து மேல்நோக்கி வளைந்து நின்றன. அவள் எண்ணினாள். ஐந்து. இந்த வடிவத்தை அவள் பார்த்திருக்கிறாள். வெண்கலப் பாத்திரங்களின் காலம். குமாஸ்தாக்களுக்கு முந்தைய கை.

சந்தனத்தின் ஓரம் காய்ந்து உதிர்ந்து, கடைசி எழுத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு எழுத்துகள் வெளியே வந்திருந்தன. கையைத் தொட்டு நிற்பது நீட்டு. அதற்கு முந்தையது கூடாது. கூடாது என்ற அந்த எழுத்தின் மிகப் பழைய வடிவம் ஒரு கத்தியும் அதன் பக்கத்தில் சில துளிகளும். அவை எதன் துளிகள் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை என்று காணொளியில் சொன்னார்கள்.

தகட்டில் கத்தி இருந்தது. துளிகளும் இருந்தன.

அவள் அறிவியல் படித்தவள். ஒரு பொருள் தெரிவதும் அது இருப்பதும் வேறு வேறு. கண் சோர்ந்தால், வெளிச்சம் சாய்வாக விழுந்தால், மூன்று இரவு தூங்காமலிருந்தால் கோடுகள் வளையும். அலுவலகத்திலிருந்து மெல்லிய வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துவந்தாள். தாளைத் தகட்டின்மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவாட்டில் தேய்த்தாள். சின்ன வயதில் நாணயத்தின்மேல் தேய்ப்பதுபோல. பொறித்த பள்ளங்கள் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து வெள்ளையாக ஐந்து விரல்கள் எழுந்து வந்தன.

போனில் மறுபடி படம் பிடித்தாள். படத்தில் இன்றைய எழுத்து, நேர்கோடுகளோடு. தாளில் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தையது. வெளிச்சத்துக்குத் தெரியவில்லை. தொட்டால் தெரிகிறது. பயப்படுவதற்குப் பதிலாக அவள் முதலில் நினைத்தது இதுதான்: நல்லவேளை, படம் எடுத்தால் யாருக்கும் தெரியாது. நினைத்த பிறகு அந்த நினைப்புக்காகக் கூசினாள். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு எடுத்துக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

எழுத்து தான் பிறந்த ஓவியத்தை நோக்கித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஓவியத்துக்கு முந்தியது எது?

*

சனிக்கிழமை பொன்னுராஜ் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். ஒரு பழுப்பு உறையைத் தள்ளினார்.

"நாலாவது வரி என்னன்னு கோயம்புத்தூர் மெக்கானிக்கிட்ட கேட்டுட்டேன்."

அவள் மேசையின் ரெக்ஸின் கிழிசலைப் பார்த்தாள்.

"முதலாளிகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். சீனா சீனான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதாரு, மனுசன் மனசு ஒடைஞ்சிரும்." உறையைக் கண்ணால் காட்டினார். "புது ஸ்டிக்கரு. நாலு வரியும் இருக்கு. அதே எழுத்து, அதே சைஸ். கொஞ்சம் எண்ணெ தடவி, மண்ணுல பெரட்டி, பழசாக்கி வச்சிருக்கேன். கீழ இருக்கத உரிச்சுட்டு இத அந்தத் தகட்டு மேலயே ஒட்டிரு. பெருசு, தகட்ட மூடிரும். சீனத்த எதுக்கு இனிமே எவனும் படிக்கணும்?"

"நானா சார்?"

"பின்ன? எழுதுனது நீதான?"

"முத்தாத்தாக்காவுக்கு..."

"அவளுக்கு ஜெபம் பண்ணுவோம்" என்றார். உண்மையாகவே சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. "நாளைக்கு மத்தியானம் வா. வாட்ச்மேன் சமுத்திரத்துட்ட சொல்லிவச்சிருக்கேன்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு சொல் போதும். அவள் உறையை எடுத்துக்கொண்டாள்.

*

ஞாயிறு மத்தியானம். சமுத்திரம் கேட்டைத் திறந்துவிட்டு, "பையக்கூட விட்டுட்டுப் போயிட்டியாம்லா? இம்புட்டு மறதி இருந்தா கட்டிக்கிடப்போறவன் பாடு திண்டாட்டம்தான்" என்று சிரித்துவிட்டு வேப்பமரத்தடிக் கட்டிலுக்குத் திரும்பினார்.

தறிகள் நின்ற கம்பெனியை அவள் இதுவரை கேட்டதில்லை. கூரைத் தகரம் வெயிலில் விரிந்து டக், டக் என்று சொடுக்கியது, அதன்மேல் ஒரு புறா நகத்தால் கீறிக்கொண்டு இங்கிருந்து அங்கே நடந்தது, எங்கோ ஒரு குழாய் முழுதாக மூடாமல் ஒவ்வொரு சொட்டாகத் தகர வாளியில் விட்டுக்கொண்டிருந்தது, அடுக்கிவைத்த வெள்ளைத் துணிச் சுருள்கள் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு நின்று அவள் காலடிச் சத்தத்தைத் தின்றுவிட, அந்த மற்ற சத்தங்கள் மட்டும் அவளோடு மெஷின்வரை வந்தன. மெயின் சுவிட்ச் இறக்கியிருந்தது. பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள்.

பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி உரித்தாள். ஈரத்துணியால் தகட்டைத் துடைத்தாள்.

துணி சிவந்தது. குங்குமம்.

நாலாவது வரியில் எழுத்துகள் இல்லை. மின்சாரம் இருந்த இடத்தில் கிளை பிரியும் மின்னல். கத்தி இருந்த இடத்தில் கத்தி. வரியின் கடைசியில், எஃகுக்குள் ஒரு கை. கோடு அல்ல. படமும் அல்ல. கணுக்களில் சுருக்கம் இருந்தது. நகங்களில் பிறை இருந்தது. உள்ளங்கை அவளைப் பார்த்து விரிந்திருந்தது. அது எதையும் சுட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது. கை நீட்டிக் கேட்பவர்களைப்போல.

இப்போதுகூடப் போகலாம். வெளியே போய்ப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், அக்கா, அது கம்பெனி பேரு இல்ல.

முதலாளியின் முகம் நினைவுக்கு வந்தது. அம்மா. கல்லூரித் தோழிகள். சீனாக்காரி.

ஸ்டிக்கரின் பின்தாளை உரித்தாள். மேல்விளிம்பைப் பொருத்தினாள். உள்ளங்கையால் மேலிருந்து கீழே நீவினாள், காற்றுக் குமிழி நிற்காதபடி. முதல் வரி. இரண்டாவது. மூன்றாவது.

நாலாவதில் நின்றது.

குமிழி. அழுத்தினாள். நகரவில்லை. விளிம்புக்குத் தள்ளினாள். தள்ளிய இடத்திலிருந்து திரும்பி வந்தது. எஃகு வெயிலில் சுட்டிருந்தது. குமிழி சில்லென்றிருந்தது. பலமாக அழுத்தினாள். இரு கையாலும். கண்ணை மூடிக்கொண்டு, எண்ணிக்கொண்டு. ஐம்பது. நூறு.

அடங்கியது.

சமுத்திரத்தின் முன்னால் ஓடக்கூடாது என்று நினைவுபடுத்திக்கொண்டு நடந்தாள்.

*

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். முதலாளி, பொன்னுராஜ், மடிப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். முத்தாத்தாளை ஆட்டோவில் கூட்டிவந்திருந்தார்கள். கட்டுப்போட்ட கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றாள்.

ஆபீசர் ஸ்டிக்கரைச் சத்தமாகப் படித்தார். நாலு வரி. "இது முந்தியே இருந்ததா?"

"இருந்தது சார். இந்தப் பொண்ணுதான் மொழிபெயர்த்தது" என்றார் பொன்னுராஜ். "சீனம் படிக்கும்" என்றார் முதலாளி, பழக்கத்தில்.

"உனக்குப் படிக்கத் தெரியுமாம்மா?" என்று ஆபீசர் முத்தாத்தாளைக் கேட்டார்.

அவள் கிட்டே வந்து எழுத்துக்கூட்டினாள். "மின்சாரம்... நின்ற... பிறகும்..."

அவள் படிக்கப் படிக்க, நாலாவது வரிக்கு அடியில் ஸ்டிக்கர் எழும்பியது.

மெல்ல. ஒரு நெல் அளவு. பிறகு புளியங்கொட்டை அளவு. பக்கத்தில் இன்னொன்று. மாரிசெல்வி சுற்றிப் பார்த்தாள். யாரும் எதுவும் பார்க்கவில்லை. முத்தாத்தாளின் மூக்குக்கும் அதற்கும் ஒரு சாண் இருந்தது. மூன்றாவது. ஸ்டிக்கரின் ஓரம் விட்டது, சிறிய சத்தத்தோடு.

மாரிசெல்வி முன்னால் வந்து, தூசியைத் துடைப்பதுபோல, வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். வைத்து அழுத்திக்கொண்டாள்.

முத்தாத்தாள் நிமிர்ந்தாள். வெகு பக்கத்தில் அவள் முகம் இருந்தது. ஆஸ்பத்திரி வாடை.

"ஏட்டி. இது இருந்துச்சா?"

கூடத்தில் யாரும் அசையவில்லை. கைக்கு அடியில் அசைந்தது.

"இருந்துச்சா தாயி? நீ சொன்னா சரி."

"இருந்துச்சுக்கா."

முத்தாத்தாள் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப நாந்தான் பாக்கல" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள். "நாந்தான் சார் பாக்கல." அவள் கன்னம் கூச்சத்தில் இறுகியது. கையை இன்னும் உள்ளே இழுத்து மறைத்துக்கொண்டாள்.

ஆபீசர் எழுதினார். அட்டையை மாரிசெல்வியிடம் நீட்டினார். "சாட்சிக் கையெழுத்து."

அவள் வலது கையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தது. அவள் விரல்களுக்கு இடையில், அடியிலிருந்து, ஏதோ நுழைந்தது. குளிர்ந்தது. ஒன்று. அடுத்த இடைவெளியில் இன்னொன்று. அவசரமில்லாமல், தெரிந்தவர்கள் கோத்துக்கொள்வதுபோல.

"இடது கைல போடுதேன் சார்."

"போடுங்க, போடுங்க" என்று ஆபீசர் சிரித்தார். கோணல்மாணலாகப் போட்டாள். மை ஓரத்தில் இழுபட்டது. அவர் பேனாவை வாங்கி மூடினார்.

"டீ சொல்லிருக்கேன் சார், ஆபீஸ்ல" என்றார் பொன்னுராஜ். எல்லோரும் நகர்ந்தார்கள். முத்தாத்தாளை ஒருத்தி தோளைப் பிடித்து நடத்திப் போனாள். முதலாளி வாசலில் திரும்பி, "வாம்மா, டீ குடிக்க" என்றார்.

"வாரேன் சார். செத்த நேரம்."

செருப்புச் சத்தங்கள் தூரப் போயின. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் மெஷின்மேல் கை வைத்தபடி நின்றாள், யாராவது எட்டிப் பார்த்தால் சிரிக்கத் தோதாக முகத்தை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு. கைக்கு அடியில் பிடி மெல்ல இறுகியது. அவள் எண்ணினாள். ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல். சுண்டு விரல்.

பெருவிரல் இல்லை.